நீலி யார் பக்கம்?

"அரசனுக்கு அக்கா, தங்கச்சி யாரும் இல்லியா மக்களே?"

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சித்தி வீடு. பேரன் லேப்டாப்பில் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரைப் போட்டு, சப்டைட்டிலை வாசித்து வாசித்து அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மன்னர் விசேரிஸ் தன் மகள் ரெய்னீராவை வாரிசாக அறிவிக்கிறார். பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டுச் சத்தியம் செய்கிறார்கள். அந்த இடத்தில்தான் சித்தி இப்படிக் கேட்டார்.

மகளா, தம்பியா, பின்னால் பிறக்கும் மகனா என்பதுதான் அந்தத் தொடரின் சண்டையே. 2022இல் முதல் பகுதி வந்ததிலிருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் கட்சி பிரிந்து அதைத்தான் பேசுகிறார்கள். சித்தியோ கதையில் இல்லாத ஒரு சகோதரியைத் தேடினார்.

அவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதியான நாஞ்சில் நாட்டில் பிறந்தவர். முன்பு அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவருடைய பாட்டி காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் மருமக்கள் வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். 1920களில் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டுத்தான் அது மாறியது. அந்த முறையால் வந்த குடும்பச் சண்டைகளையும் கண்ணீரையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று தனி நூலாகவே பாடியிருக்கிறார். திருவிதாங்கூர் அரியணைக்கும் அதே முறைதான். மன்னரின் மகனுக்குத் 'தம்பி' என்ற பட்டமும் நிலமும் கிடைக்கும், மகளுக்குத் 'தங்கச்சி' என்ற பட்டம் கிடைக்கும். அரியணை இருவருக்கும் கிடையாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் விசேரிஸுக்குப் பிறகு ஆள வேண்டியவர் அதே தாய் வயிற்றில் பிறந்த தம்பி டேமன். அவருக்குப் பிறகு சகோதரி மகன்கள். சகோதரியே இல்லையென்றால் தத்து. திருவிதாங்கூரில் அப்படித்தான் நடந்தது. அரச குடும்பத்தில் பெண் வழி அற்றுப்போகும் நிலை வந்தபோது, 1900இல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். கடைசி மன்னர் சித்திரைத் திருநாள், இளையவரான சேது பார்வதி பாயின் மகன்.

பேரன் பொறுமையாக மன்னரின் குடும்ப மரத்தை வரைந்து காட்டினான். சித்தி அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ டேமனுக்குத்தான் முதல்ல. அதுக்கு அப்புறம் தத்து எடுக்கணும். இந்தப் பொண்ணு தங்கச்சி, அந்தப் பையன் தம்பி. அவங்களுக்கு என்ன அவகாசம்?" அவகாசம் என்றால் எங்கள் ஊரில் உரிமை. மலையாளத்திலிருந்து வந்து தங்கிவிட்ட சொல்.

எல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் சரித்திரத் தொடரையும் மாயக்கதைத் தொடரையும் பார்த்துவிட்டுப் பேசுவதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பேச்சுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. யார் நடித்தார், சண்டைக்காட்சி எப்படி என்பதெல்லாம் உண்டு. ஆனால் சீக்கிரமே பேச்சு ஒரே இடத்துக்கு வந்து சேரும்: இந்தக் கதையை யார் பக்கம் நின்று சொல்கிறார்கள்? மறுபக்கம் அதை எப்படிச் சொல்லும்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க முயல்கிறேன்.

முதல் காரணம் மொட்டை மாடியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை களியக்காவிளையில் விழுந்தது. ஆனால் தொலைக்காட்சி அலைக்கு எல்லை தெரியாது. 80களில் எங்கள் வீடுகளில் மீன்முள் ஆன்டெனா மூன்று திசைக்குத் திரும்பும். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன். தென்கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பினால் 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு வடக்கே திருப்பினால் சென்னை. இரும்புக் குழாயைப் பிடித்துத் திருப்ப மேலே ஒருவர், ஜன்னலோரம் நின்று "ஆச்சு… ஐயோ போச்சு… கொஞ்சம் இந்தால" என்று சத்தம் போட ஒருவர். மழை நாளில் குழாயைத் தொட்டால் கை சில்லிட்டுப் போகும், துருவும் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துருவின் வாசனை இன்னும் எனக்கு ராமாயணத்தோடு சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது.

1987 ஜனவரி 25 அன்று ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியது. அது முடிந்த சில மாதங்களில், 1988 அக்டோபர் 2 அன்று பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். இரண்டும் இந்தி. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை, அதனால் பள்ளிக்கூடத்தில் இந்தி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலைப் பள்ளிகளில் இந்தி ஒரு பாடம். ஆகவே எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக முக்கியமான ஆள், பாறசாலையிலிருந்து கல்யாணம் ஆகி வந்திருந்த ஒரு டீச்சர். நடுக்கூடத்தில் முப்பது பேர். டீச்சருக்கு மட்டும் நாற்காலி. 'நான் காலம்' என்று திரையில் குரல் எழுந்ததும் டீச்சர் குரலும் எழும்.

அவர் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. துரியோதனன் வரும்போது அவர் குரல் இறுகாது. அவருடைய அம்மா வீட்டுச் சொந்தங்கள் கொல்லம் மாவட்டத்துக்காரர்கள். அங்கே பொருவழி மலநடையில் துரியோதனனுக்குக் கோயில் இருக்கிறது. சிலை கிடையாது, வெறும் மேடைதான். ஊரே அவரை அப்பூப்பன் என்று தாத்தா முறையில் கூப்பிடும். தாகத்தோடு வந்தவருக்கு அங்கே ஒரு கிழவி கள் கொடுத்தாள், அந்த அன்பில் நெகிழ்ந்து ஊருக்கு நிலம் கொடுத்தார் என்பது ஐதிகம். எங்கள் ஆட்களுக்கோ 1964இல் வந்த 'கர்ணன்' படத்துக்குப் பிறகு கர்ணன்தான் எல்லாம். ஆக அந்தக் கூடத்தில் பாண்டவர்களுக்காகப் பேச ஆள் குறைவு. அர்ஜுனன் அம்பு விடும்போது கைதட்டல் எழாது. தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்த ஞாயிறு, டீச்சர் பாதியிலேயே மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் 'என்ன சொல்றான்' என்று கேட்கவில்லை.

1993இல் ஏப்ரலில் சன் டிவி, ஆகஸ்டில் ஏசியாநெட். கேபிள்காரர் இரண்டையும் தந்தார். அதன்பின் ஆன்டெனா திருப்புகிற வேலை போய், ரிமோட்டில் விரல் வைக்கிற வேலை வந்தது. 2013இல் ஸ்டார் பிளஸ் எடுத்த மகாபாரதம் விஜய் டிவியில் தமிழிலும், பிறகு ஏசியாநெட்டில் மலையாளத்திலும் பேசியது. அதே வருடம் சன் டிவி தன் சொந்த மகாபாரதத்தைத் தனியாக எடுத்து ஓட்டியது. ஒரே கண்ணன் இரண்டு மொழியில் பேச, இன்னொரு கண்ணன் அடுத்த சேனலில் நின்றான். தமிழ் டப்பிங் செந்தமிழ்ப் பக்கம் சாயும், மலையாளம் சமஸ்கிருதப் பக்கம் சாயும். இரண்டையும் கேட்டுப் பழகிய காதுக்கு, வசனம் என்பது யாரோ உட்கார்ந்து எழுதியது, வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். மற்ற ஊர் ரசிகர்கள் இதை நெடுநாள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.  

அடுத்து, தலைப்பில் வரும் நீலி என்ற யட்சி. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவள்தான்.

2004இல் ஏசியாநெட்டில் 'கடமற்றத்து கத்தனார்' ஓடியது. மந்திரம் கற்ற ஒரு பாதிரியார் பேய்களையும் யட்சிகளையும் அடக்கும் கதை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்த நேரத்தில் சமையல் முடிந்திருக்கும், பிள்ளைகள் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கத்தனார் கதை, கேரளத்துப் பழங்கதைகளைக் கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிகமாலை' நூலில் இருக்கிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் ஒரு யட்சி. தனியாக நடந்து வரும் ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் வீடு திரும்ப மாட்டான். கத்தனார் இரும்பு ஆணியின் நுனியில் சுண்ணாம்பை வைத்து நீட்டி அவளைக் கட்டினார் என்கிறது கதை. பத்மநாபபுரம் இருப்பது எங்கள் தக்கலை பக்கத்தில். ஆக அந்த யட்சி எங்கள் ஊர்க்காரி. மலையாளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரில் உள்ள கள்ளியங்காடும் நாகர்கோவில் பக்கத்து ஊர்தான்.

இப்போது இந்தப் பக்கக் கதை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். நீலிதான் இசக்கி என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். காதலித்தவனை நம்பி நகையோடு கிளம்பிய பெண்ணை அவன் வழியில் கொன்றுபோடுகிறான். தேடி வந்த அவளுடைய சகோதரனும் சாகிறான். மறுபிறவியில் அவள் நீலியாக வருகிறாள், கொன்றவனும் மறுபடி பிறந்து வருகிறான். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று பழையனூர் வேளாளர் சபையில் முறையிடுகிறாள். சபையின் எழுபது பேரும் அவளை நம்பி, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று தங்கள் உயிரைப் பிணை வைக்கிறார்கள். இரவில் அவள் பழி தீர்க்கிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

அந்தப் பழையனூர் இருப்பது திருவாலங்காட்டை ஒட்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் வடக்கு ஓரத்தில் நடந்த கதை தெற்கு ஓரத்தில் வந்து தெய்வமாக உட்கார்ந்திருக்கிறது. முப்பந்தலில் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கியவளிடம் பிள்ளை கேட்பதில் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்று பாருங்கள்!

ஆக ஒருவர் தொலைக்காட்சியில் நீலி அடங்குவதைப் பார்க்கிறார். மறுவாரம் கோயில் கொடைவிழாவில் அதே நீலிக்குப் பொங்கல் வைக்கிறார். கத்தனார் ஓடிய காலத்தில் எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் ஒரு அக்கா, நீலியை ஒடுக்கும் காட்சிகள் வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். பயந்து போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டதற்கு, "அவ என்ன தப்பு செய்தா? அவளைக் கொன்னவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல்லியே" என்றார். கற்பனைத் தொடர்களைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது குறைவு. தொடரின் யட்சிக்கு முன்கதை மங்கிப்போயிருந்தது. வில்லுப்பாட்டோ கொலையிலிருந்தே தொடங்கும். முன்கதை இல்லாவிட்டால் அவள் பேய், இருந்தால் அவள் தெய்வம். 2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' படம் நீலியைக் காக்கும் நாயகியாக மாற்றியபோது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பலருக்கு அது புதுமை. எங்களுக்கு அது அவள் வீடு திரும்பியது போல இருந்தது.

தமிழ்த் தொடர்களில் இந்த நுட்பத்தைத் தொட்டது 90களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். குதிரையில் வரும் கருப்புசாமி தெய்வமா, ஒரு மனிதனின் மனப்பிளவா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அதை இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. முடிவு பிடிக்காதவர்களும் உண்டு, நானும் ஒருத்தி. மனநோய் என்று சொல்லி முடித்ததில் சாமிக்கு இடம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சரித்திரத் தொடர் என்றால் சண்டை இன்னும் சூடு. 1990இல் தூர்தர்ஷனில் 'தி ஸ்வார்ட் ஆஃப் திப்பு சுல்தான்'. எதிர்ப்பும் வழக்கும் வந்ததால், இது ஒரு நாவலைத் தழுவிய கற்பனை என்ற பொருளில் அறிவிப்பு போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். திருவிதாங்கூர் நினைவில் திப்பு என்றால் 1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையைத் தாக்க வந்த படை. தமிழ் நினைவில் திப்புவின் தந்தை ஹைதர் அலி என்றால், நாட்டை இழந்து வந்த வேலு நாச்சியாருக்குப் புகலும் படையும் தந்தவர். ஒரே கூடத்தில் இரண்டு நினைவும் உட்கார்ந்து ஒரே தொடரைப் பார்த்தது. எங்கள் வீட்டில் இரண்டு பெரியப்பாமார் அந்தத் தொடர் முடியும்வரை இந்த விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் ஒரு பகுதியைக்கூட இருவரும் தவறவிடவில்லை, அதையும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

அறிவியல் புனைவுக்கு இங்கே இவ்வளவு ஆழமான வேர் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் வந்தது, ஜீனோ என்ற ரோபோ நாய் எல்லோருக்கும் செல்லமானது. அதற்கப்புறம் நீண்ட இடைவெளி. அலைபேசியில் இணையம் மலிந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் ஜெர்மன் தொடரான 'டார்க்' போன்றவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிலும் நடந்ததைக் கேளுங்கள். 2017இல் தொடங்கிய அந்தத் தொடரில் 33 வருட இடைவெளியில் காலம் மடிந்து மடிந்து ஒரு சிற்றூரின் குடும்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 2019இல் காணாமல் போன மிக்கெல் என்ற சிறுவன் 1986க்குப் போய் அங்கேயே வளர்ந்து, நாயகன் யோனாஸுக்குத் தகப்பன் ஆகிறான். மிக்கெலின் அக்கா மார்த்தாவைத்தான் யோனாஸ் காதலிக்கிறான். இதைப் புரிந்துகொள்ள உலகம் முழுக்க ரசிகர்கள் பெரிய பெரிய வரைபடம் போட்டார்கள். பேரன் வாயால் கதையைக் கேட்டுக்கொண்டே பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்த சித்தி சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ மார்த்தா இவனுக்கு அத்தையில்லா! அத்தை மகள்னா முறை. அத்தையே எப்படி முறையாவா?" தொடரின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. அத்தைக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியில், காலப்பயணக் கதையின் விபரீதம் முதல் நிமிடத்திலேயே உறைத்துவிடுகிறது.

சரி, அரியணை கிடைக்காத அந்த மன்னர் மகன்கள், தம்பிமார் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ரசிகர்கள் கூடினால் கடைசியில் ஆசைப்படுவது ஒரே தொடருக்குத்தான்: மார்த்தாண்டவர்மா. ஆட்சி 1729 முதல் 1758 வரை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றது, பிடிபட்ட டி லனாய் என்ற தளபதி அதே மன்னரின் படையைப் பழக்கியது, 1777இல் அவர் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானது, அந்தக் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருப்பது என்று எல்லாம் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அலங்காரத்துக்கு செட் போடவே தேவையில்லை.

ஆனால் யாருடைய மார்த்தாண்டவர்மா? சி.வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய மலையாள நாவலில் அவர் வேட்டையாடப்படும் இளவரசர். முந்தைய மன்னரின் மகன்களான தம்பிமார் அரியணைக்கு ஆசைப்பட்டுச் சூழ்ச்சி செய்கிறவர்கள். எங்கள் வில்லுப்பாட்டில் 'தம்பிமார் கதை' என்று தனிக் கதை உண்டு. அதில் அவர்கள் அரண்மனையில் வஞ்சமாக வெட்டப்பட்ட வீரர்கள். அண்ணன்மாருக்குப் பின் உயிரை விட்ட தங்கைக்காகப் பாட்டில் பெண்கள் அழுவார்கள். நாவல் ராஜபக்தியில் எழுந்தது, பாட்டு நடுகல்லிலிருந்து எழுந்தது. இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றித்தான் பேசுகின்றன.

போன மே மாதம் விடுமுறையில் பேரன் நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தொடருக்கு முதல் பகுதியை எழுதிப் பார்த்தான். நெய்யாற்றின்கரையில் இன்னும் நிற்கிற அம்மச்சிப் பிலா, அந்தப் பலாமரப் பொந்துக்குள் இளவரசர் ஒளிந்திருக்கிறார். வெளியே தேடுகிறவர்களின் காலடிச் சத்தம். பொந்துக்குள் மூச்சுச் சத்தம். அங்கே தொடங்கலாம் என்றான். நல்ல காட்சிதான், கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க தொடங்கினா பாக்குறவன் எல்லாம் பொந்துக்குள்ள இருக்கவன் பக்கம் ஆயிடுவான். நாகர்கோவில் கொட்டாரத்துல தொடங்கு. தம்பிமாரு சின்னப் பிள்ளைங்க. அப்பன் அரசன். மடியில உக்காந்துட்டு, 'நாளைக்கு நான்தானே ராஜா'ன்னு கேக்குது. அவன் பதில் சொல்லாம இருக்கான். அங்க தொடங்கு." கொட்டாரம் என்றால் எங்கள் ஊரில் அரண்மனை.

பேரன் பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஒரு பக்கத்தைக் கிழித்து, நோட்டில் முதல் பகுதி என்று இரண்டு தடவை எழுதினான், இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று. சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்தார்.